பக்கத்துப் பல்லின் சாட்சி

“பேசணும்னா யாராவது ஒருத்தர் இந்த நாற்காலியில உட்காருங்க,” என்றார் டாக்டர் ரோகிணி. “வெளியில பெஞ்சு நிறைய பேஷன்ட். நான் உள்ள உட்கார்ந்து கதை பேசறேன்னு தெரிஞ்சா கதவை உடைச்சிட்டு வருவாங்க.”

வேண்டா தன் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

“நீங்கதான் சார் குந்தணும். என் பல்லு கரும்பு கடிக்கிற பல்லு. உங்களுது கடலைமிட்டாய்க்கே கும்புடு போடுது.”

திருநாவுக்கரசு வேறு வழியில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ‘அரசு துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டி வைத்திருப்பவர் அவர்தான். பெயரின் பின்பாதியைத்தான் பலகையில் போட்டிருந்தார். ஊர் அதை அப்படிப் படிக்கவில்லை. சாதிச் சான்றிதழ் கேட்டும் ரேஷன் அட்டை கேட்டும் ஆட்கள் மாடியேறி வந்தார்கள். துப்பறியச் சொல்லி வந்தவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு கூட்டத்தையும் வேண்டா ஒரே மாதிரிதான் மிரட்டினாள்.

நாலாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பன் வைத்த பெயர் அவளுக்கு. மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களிடம், “அவரு வேண்டான்னாரு, நான் வந்தேன். மாத்தினா ஜெயிச்சது யாருன்னு தெரியாம பூடும்,” என்பாள்.

டாக்டர் முதலாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினார். இனி அவரால் ‘ஆ’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வேண்டா கேமராவை எடுத்தாள்.

“விஷயம் இதான் டாக்டர். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் போற வழியில ஒரு சவுக்குத்தோப்பு. ஞானம்பாள்னு ஒரு அம்மா பேர்ல கீது. வூட்டுக்காரரு இல்ல. பொண்ணு ரேணுகா அம்மாகூடவே இருந்து தோப்பைப் பாத்துக்குது. புள்ள ஆனந்தன், அப்பன்கிட்ட கோச்சிகினு பதினேழு வயசுல ஓடிட்டான். அது தொண்ணூத்தி மூணு. இப்ப ரெண்டாயிரத்து ஏழு. போன மாசம் ஒருத்தன் வந்து நின்னுகினு, நான்தான் ஆனந்தன், துபாயிலேர்ந்து வரேங்கிறான்.”

“வந்துட்டு?”

“வந்துட்டு அம்மா கையில சாப்பிடறான். அந்தம்மாவுக்குப் புள்ள கெடச்ச சந்தோஷத்துல கண்ணே தெரியல. நாளைக்குக் காலையில தோப்பையும் வூட்டையும் அவன் பேருக்கு எழுதி வைக்கப் போவுது. அவன் கையெழுத்து வாங்கின மறுநிமிஷம் தாமோதரன்னு ஒரு ரியல் எஸ்டேட்காரன்கிட்ட குடுத்துடுவான். சுத்துப்பட்டு நெலமெல்லாம் அந்தாளுதான் வாங்கி வேலி போட்டுட்டான். நடுவுல இந்தத் தோப்பு மட்டும் ஒத்தைப் பல்லாட்டம் நிக்குது.”

“ரேணுகா நம்பலையா?”

“அது ஒண்ணுதான் நம்பல. கூடப் பொறந்தவனையே இல்லைன்னு சொல்ற பேராசைக்காரின்னு ஊரு அதைக் காறித் துப்புது. நாளைக்குக் கையெழுத்து விழுந்தா நாளான்னிக்கு அது தெருவுல. அதான் எங்ககிட்ட வந்துச்சு.”

“ஆ,” என்றார் திருநாவுக்கரசு, விரலை ஆட்டி.

“பல்லு விஷயத்துக்கு வரச் சொல்றாரு. ஆனந்தனுக்குப் பதிமூணு வயசுல ஆயில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது ஹேண்டில் எகிறி வாயில அடிச்சி, மேல் முன்பல்லு ஒண்ணு எகிறிடுச்சு. ஊருக்கே தெரியும். அந்த ஓட்டையை வெச்சிதான் அவனைக் கூப்புடுவாங்களாம். இப்ப வந்தவன் வாயில அதே எடத்துல ஸ்க்ரூ வெச்ச பல்லு. எக்ஸ்ரே பிலிமை ஊரெல்லாம் காட்டிகினு கீறான். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்னு கேக்கறாங்க.”

வேண்டா கேமராத் திரையை நீட்டினாள். முந்தின நாள் உள்ளூர் கேபிள் டிவியிலிருந்து வருவதாகச் சொல்லி அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ‘பிரிந்த மகன் திரும்பினான்’ என்று நிகழ்ச்சிக்குப் பெயர்கூட வைத்தாயிற்று. டிவி என்றதும் அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான். அவள் அந்த வாயை மட்டும்தான் படம் பிடித்தாள்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இம்ப்ளான்ட்தான். சுத்தமான வேலை. எப்ப வெச்சானாம்?”

“ரெண்டு வருஷம் முன்னாடி, துபாயில.”

“அதாவது பதிமூணு வயசுல பல் போச்சு. முப்பது வயசை நெருங்கற வரைக்கும் அந்த இடம் காலி.” டாக்டர் முகத்துணியைக் கீழே இறக்கினார். “வேண்டா, ஒரு பல் போயிட்டா அந்த இடம் அப்படியே காத்திருக்காது. ரெண்டு பக்கத்துப் பல்லும் மெல்ல அந்தப் பக்கம் சாயும். கீழ்ப் பல் மேல வரப் பார்க்கும். வளர்ற வயசுல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.”

“காலி மனைய விட்டு வெச்சா பக்கத்து வூட்டுக்காரன் வேலிக்கல்லை நவுத்திப் போடுவானே, அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான். இங்க பாரு, ரெண்டு பக்கமும் பல் கம்பம் நட்ட மாதிரி நேரா நிக்குது. அந்த இடம் வருஷக்கணக்கா காலியா இருந்த மாதிரி எனக்குத் தெரியல. இருந்த பல்லை எடுத்துட்டு, சூட்டோட சூட்டா இதை வெச்சிருக்கணும்.”

வேண்டா நாற்காலியின் கையைத் தட்டினாள். “மாட்டினான்!”

“அவசரப்படாத. நடுவுல கழற்றி மாட்டற பிளேட் செட்டுப் பல் போட்டிருந்தேன்னு சொல்லலாம். அது ஓரளவு இடத்தைக் காக்கும். இது சந்தேகம்தான், முடிவு இல்ல.”

“ஆ! ஆ!” திருநாவுக்கரசு இரண்டு விரலைக் காட்டினார்.

“ரெண்டாவது விஷயத்தைக் கேக்கச் சொல்றாரு. ரேணுகா சொல்லுச்சு, அடிபட்டப்ப பக்கத்துப் பல்லு விழல. ஆனா ஒரு வருஷத்துல அது கரியாட்டம் ஆயிடுச்சாம்.”

டாக்டரின் கை நின்றது. “அடியில அந்தப் பல்லோட நரம்பு செத்திருக்கும். உள்ள ரத்தம் கசிஞ்சு கறுத்திருக்கும். முன்பல் ஒண்ணு தெறிச்சு விழற அளவுக்கு அடின்னா பக்கத்துப் பல்லும் தப்பிக்கிறது கஷ்டம்.” மறுபடியும் படத்தைப் பார்த்தார். “இங்க ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு. சீவின அடையாளம் இல்ல, மேல தொப்பி போட்ட மாதிரியும் இல்ல.”

“அப்ப பொய்யிதான்!”

“நிறத்தை மருந்து வெச்சு வெளுக்கலாம். ஆனா ஒண்ணு. இவன் பழைய முறையில பிரிட்ஜ் கட்டியிருந்தான்னா, ரெண்டு பக்கத்துப் பல்லையும் சீவி மேல தொப்பி போட்டிருப்பாங்க. அடியில என்ன இருந்ததுன்னு நான் படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. இம்ப்ளான்ட் தனியா எலும்புல நிக்கிறது. பக்கத்துப் பல்லைத் தொடாது.”

வேண்டா வாய்விட்டுச் சிரித்தாள். “மலிவா முடிச்சிருந்தா தப்பிச்சிருப்பான். டாம்பீகமா செஞ்சி, சாட்சி ரெண்டையும் பக்கத்துலயே உக்கார வெச்சிகினான்.”

“அந்தப் பல் செத்ததா உயிரோட இருக்கான்னு தெரியணும்னா ஐஸ் வெச்சுப் பாருங்க. செத்த பல்லுக்குச் சில்லுனு தெரியாது. உயிருள்ள பல் துள்ளும். வெளுத்தாலும், தொப்பி போட்டாலும், செத்த நரம்பு திரும்பி வராது.” டாக்டர் குழாயை எடுத்தார். “ஆனா சொல்லிட்டுப் போனீங்கன்னா அவன் பல்லைக் கடிச்சுகிட்டு ஒண்ணும் தெரியலைன்னு நடிச்சிடுவான். ஜாக்கிரதை. சார், உங்க கடைவாய்ல ரெண்டு சொத்தை. மரத்துப்போற ஊசி போட்டு இப்பவே அடைச்சிடறேன்.”

திருநாவுக்கரசு அன்று முதல்முறையாகத் தெளிவாக ஒரு வார்த்தை சொன்னார். “வேணாம்.”

யாரும் காதில் வாங்கவில்லை.

*

திருக்கழுக்குன்றம் தாண்டும்போதும் அவருடைய கீழுதடு மரத்துத்தான் இருந்தது. வண்டியை வேண்டா ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்தவர் எதையோ சொல்ல, காற்றில் பாதி போய், மீதி எச்சிலாக அவள் தோளில் விழுந்தது.

“சார், பேசாதீங்க. சட்டை நேத்துதான் தொவச்சது.”

மாமல்லபுரத்தில் ஒரு ஜூஸ் கடையில் பிளாஸ்க் நிறைய ஐஸ் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் கல்யானையின் விலையை அடித்துப் பேசிக்கொண்டிருந்தான். திருநாவுக்கரசு டீ வாங்கி, அதை உதட்டோரமாக ஒழுகவிட்டு, கைக்குட்டையால் துடைத்தார்.

“போலீசுக்குப் போவ முடியாதா சார்?”

“எதுக்கு? நிலம் அந்தம்மாவுது. அவங்க யாருக்கு வேணாலும் எழுதலாம். மகனுக்குத்தான் எழுதணும்னு சட்டம் இல்ல, பொய்யனுக்கு எழுதக் கூடாதுன்னும் இல்ல. கோர்ட்டு, கேஸுன்னு ரேணுகா அலையறதுக்குள்ள தோப்பு இருந்த இடத்துல நீச்சல் குளம் இருக்கும்.”

“அப்ப அவனை ஊர் முன்னாடி மடக்கணும்.”

“ஊரை மடக்கி என்ன பண்ண?” என்றார் அவர். உதடு இப்போதுதான் கொஞ்சம் அவர் பேச்சைக் கேட்டது. “ரேணுகா என்ன சொல்லுச்சு, ஞாபகம் இருக்கா?”

வேண்டாவுக்கு ஞாபகம் இருந்தது. முந்தின நாள் அலுவலகத்தில், கண் கலங்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு ரேணுகா சொன்னது. ‘அந்தக் கரிப்பல்லு அம்மாவுக்கும் தெரியும் சார். ஆனா நான் கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். இப்ப நான் வானம் மேல கீதுன்னு சொன்னாகூட அம்மா குனிஞ்சிதான் பார்க்கும்.’

“கெளம்பு,” என்றார் திருநாவுக்கரசு.

*

வீட்டு வாசலில் பந்தல். நாளைக்குப் பத்திரம் என்பதால் இன்றைக்கு மதியம் விருந்து. ஆட்டுக்கறி வாசனை சாலை வரைக்கும் வந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம் சவுக்குத்தோப்பு இரைந்தது. அதைத் தாண்டி, மூன்று பக்கமும் தாமோதரனின் சிமென்ட் கம்பங்கள் நட்ட வேலி.

நடு நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை, கையில் தங்கக் காப்பு. பக்கத்தில் தாமோதரன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. ஞானம்பாள் ஒரு முறத்தால் மகனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. கூட்டத்தில் எவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே.

ரேணுகா அடுக்களை வாசலில் நின்றாள். அன்றைக்குச் சமைத்தது முழுக்க அவள்தான். அவள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க அங்கே ஆளில்லை.

“டிவிக்காரி வந்துட்டா,” என்று அவன் சிரித்தான். “கூட யாரு, டைரக்டரா?”

“நான் திருநாவுக்கரசு. உங்க அக்கா சார்பா வந்திருக்கேன்.”

தாமோதரன் எழுந்தான். “இன்னாம்மா ரேணுகா, தம்பிய வெரட்ட ஆளு வெச்சிகினியா? வெக்கமா இல்ல?”

“இல்ல,” என்றாள் ரேணுகா. குரல் அசையவில்லை. “எனக்கு இன்னாத்துக்கு வெக்கம்? அது அவனுக்குத்தான் வரணும்.”

“அக்கா, உனக்கு என்மேல இன்னா கோவம்?” என்றான் அவன், உருக்கமாக.

“பாத்தீங்களா? அக்காவாம். என் தம்பி ஒருநாளும் என்னை அக்கான்னு கூப்புட்டதில்ல. ரேணுன்னு கூப்பிட்டு அம்மாகிட்ட அடி வாங்குவான்.”

“துபாயில மரியாதை கத்துக்கினான்,” என்றான் தாமோதரன். கூட்டம் சிரித்தது. வேண்டாவுக்குக் கை துறுதுறுத்தது.

திருநாவுக்கரசு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். “ரெண்டே கேள்வி. சொல்லிட்டா நான் சாப்பிட்டுட்டுப் போறேன். பதிமூணு வயசுல பல் போச்சு. போன இடம் காலியா இருந்தா பக்கத்துப் பல் ரெண்டும் சாயும்னு டாக்டர் சொல்றாங்க. உங்க பல் நேரா நிக்குதே, எப்படி?”

ஒரு நொடி அவன் கண் தாமோதரன் பக்கம் போய் வந்தது.

“நான் சும்மா இருந்தேன்னு யாரு சொன்னா? ஓடிப்போன புதுசுலயே மெட்ராஸ்ல ஒரு டாக்டர்கிட்ட பிளேட் செட்டு வாங்கி மாட்டிகினேன். ஓட்டைப் பல்லோட போனா எவன் வேலை தருவான்? அதைத்தான் துபாய் போற வரைக்கும் போட்டுகினு இருந்தேன்.”

“அப்படிப் போடு!” என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். தாமோதரன் தொடையைத் தட்டிச் சிரித்தான். ஞானம்பாள் மகனின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு மறுபடியும் விசிறினாள். அந்த விசிறலே ஒரு பதிலாக இருந்தது.

திருநாவுக்கரசு தலையைக் குனிந்தார். அடிவாங்கியவர் மாதிரியே தெரிந்தார். அவன் நன்றாகப் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறான். யாரோ ஒரு பல் டாக்டர் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“சரி. கடைசியா ஒண்ணு,” என்றார் திருநாவுக்கரசு, தளர்ந்த குரலில். “அந்த ஹேண்டில் அடிச்சப்ப, போன பல்லுக்கு வலப்பக்கத்துப் பல்லும் அடி வாங்கிச்சு. அன்னையிலேர்ந்து ஆனந்தனுக்கு அந்தப் பல்லுல தாங்க முடியாத கூச்சம். பச்சைத் தண்ணியைக்கூட ஒதுக்கித்தான் குடிப்பான். அந்த மாதிரிக் கூச்சம் ஆயுசுக்கும் போகாது. வேண்டா, ஐஸ் எடு.”

வேண்டா அசையவில்லை. டாக்டர் சொன்னதற்கு நேர் எதிராக அல்லவா இந்த மனுஷன் பேசுகிறார்? மருந்து மூளைக்கு ஏறிவிட்டதா?

“சார்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “மாத்திச் சொல்றீங்க.”

“ஐஸ் எடு.”

ரேணுகா அடுக்களை வாசலிலிருந்து இறங்கிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “சார், இன்னா பேசறீங்க? நான் எப்ப அந்த மாதிரி...”

“பாருய்யா!” தாமோதரன் விரலை நீட்டினான். “அவ மூஞ்சி மாறுது பாரு! கூச்சம்னதும் அவளுக்கு ஆட்டம் கண்டுடுச்சு. டேய் ஆனந்தா, வாங்கி வைடா ஐஸை. இன்னியோட இந்தப் பேஜாரு முடியட்டும்.”

“இந்த ஐஸை அந்தப் பல்லுல நீங்க கொஞ்ச நேரம் வெச்சிருந்தா, நீங்க வேற ஆளு,” என்றார் திருநாவுக்கரசு. “வைக்க முடியலைன்னா, நீங்கதான் ஆனந்தன். நான் எழுந்து போயிடறேன்.”

வேண்டா பிளாஸ்கைத் திறந்தாள். அவன் ஒரு துண்டை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினான், வித்தைக்காரன் மாதிரி. உதட்டைத் தூக்கி, புதுப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“ஆ!”

ஐஸ் தரையில் உருண்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினான். கண்ணில் தண்ணீர். கொஞ்சம் நடிப்பு, மீதி நிஜம். கூட்டம் விசிலடித்தது. தாமோதரன் திருநாவுக்கரசின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

“எழுந்திரு அண்ணாத்த. கறி இன்னும் வேவல, அதுக்குள்ள நீ வெந்துட்டே.”

“சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்,” என்றான் அவன், வாயைத் தடவிக்கொண்டு, வெற்றியில் மிதந்து. ஜெயித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. “பசங்கெல்லாம் குச்சி ஐஸ் தின்னும், நான் பாத்துகினு நிப்பேன். இல்லம்மா? நீகூட எனக்கு வாணாம்னு சொல்லிடுவியே.”

முறத்தின் சத்தம் நின்றிருந்தது.

வேண்டா திரும்பினாள். ஞானம்பாள் முறத்தை மடியில் வைத்திருந்தாள். அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் இத்தனை நாள் பார்த்த மாதிரி இல்லை. கடையில் துணி வாங்குகிறவள் நூலை இழுத்துப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“எந்தப் பல்லு?” என்றாள்.

“இதாம்மா.”

“கூசுதா?”

“உயிரு போவுதும்மா.”

“அந்தப் பல்லுக்கு ஏதுடா உயிரு?” என்றாள் ஞானம்பாள்.

அவள் சத்தம் போடவில்லை. தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவள் போலச் சொன்னாள்.

“குப்பத்துக்கு மீன் லாரி வரும். ஐஸ் ஒடைச்சிக் கொட்டுவாங்க. பசங்க பந்தயம் வெச்சிகினு ஐஸைப் பல்லுல கடிச்சிகினு நிக்கும், எவன் மொதல்ல துப்பறான்னு. என் புள்ளகிட்ட எவனும் நிக்க முடியாது. அந்தக் கரிப்பல்லுல ஐஸை வெச்சிகினு சிரிச்சிகினே நிப்பான். அதுல ஒண்ணும் தெரியாது அவனுக்கு. ஜெயிச்ச மீனைக் கோத்து எடுத்தாந்து என் கையில குடுப்பான். பந்தயத்து மீனு வாணாண்டான்னு தொடப்பத்தால அடிப்பேன். அடிச்சிட்டு ஆக்கிப் போடுவேன்.”

“அது... மருந்து வெச்சி வெளுத்துட்டாங்கம்மா, துபாயில...”

“கறுப்பு போனா கூச்சம் வருமா?” ஞானம்பாள் எழுந்தாள். “சின்ன வயசுலேர்ந்தே கூசுச்சுன்னியே. நான் குச்சி ஐஸ் வாணான்னு சொன்னன்னியே. எப்படா சொன்னேன்? யாருக்குடா சொன்னேன்?”

அவன் தாமோதரனைப் பார்த்தான். தாமோதரன் சவுக்குத்தோப்பைப் பார்த்தான்.

வேண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி அந்தப் பொய்யை அவனுக்காகச் சொல்லவில்லை, ஊருக்காகவும் சொல்லவில்லை. பந்தலில் அதைப் பொய் என்று தானாகவே கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஒருத்திக்காகச் சொல்லியிருக்கிறார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?” என்று சீறினாள், தாழ்ந்த குரலில்.

“உன் மூஞ்சியும் ரேணுகா மூஞ்சியும் நிஜமா செத்தாத்தான் அவன் நம்புவான். உனக்கு நடிக்க வராது.”

“கேபிள் டிவின்னு நேத்து நடிச்சது யாரு?”

“அது பொய். உனக்கு அது நல்லா வரும்.”

அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். விரல் அந்தப் புதுப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. “நல்ல பல்லுங்க,” என்றான், யாரையும் பார்க்காமல். “ஒரு சொத்தைகூட இல்ல. இதுக்காகப் புடுங்கிக் குடுத்தேன்.”

“வாய மூடுடா பிரவின்!” என்று தாமோதரன் பாய்ந்தான். பாய்ந்த பிறகுதான் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம் என்று அவனுக்கே புரிந்தது.

கூட்டம் எழுந்தது. இத்தனை நாள் ரேணுகாவைத் துப்பிய அதே வாய்கள் இப்போது அவனை உதைக்கக் கிளம்பின. எதையாவது துப்பிக்கொண்டே இருக்க வேண்டும் அவர்களுக்கு. ஞானம்பாள் முறத்தை ஓங்கினாள்.

“ஒருத்தனும் அவன் மேல கை வைக்கக் கூடாது. ஒக்காருங்கடா எல்லாரும். என் புள்ள இல்லைன்னு அவ ஒருத்தி கத்திகினு இருந்தப்ப நீங்கெல்லாம் எங்க இருந்தீங்க? நான் எங்க இருந்தேன்?” அடுக்களைப் பக்கம் திரும்பினாள். மகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. “இன்னாடி நிக்கிற? எலை போடு. ஆக்கினது பாழாப் போவணுமா? இவனுக்கும் போடு. தின்னுட்டுப் போவட்டும். ஒரு மாசம் என் கையில தின்னான், இன்னிக்கு ஒருநாள்ல இன்னா கொறஞ்சிடும்.”

ரேணுகா நகரவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். பிறகு உள்ளே போனாள்.

தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டினான். ‘அம்மா’ என்கிற மரியாதை இப்போது குரலில் இல்லை. “ஏ ஞானம்பா, சுத்தி மூணு பக்கமும் என் நெலம். நாளைக்கு நான் பாதையை அடைச்சிட்டா நீ எப்படி வெளிய வருவ? யோசிச்சிப் பேசு. இந்த நெலத்தை நீ வெச்சி ஆளப் போறியா?”

“நாலாம் பக்கம் கடலு கீது,” என்றாள் ஞானம்பாள். “அதையும் வாங்கிட்டியா?”

வேண்டா சிரித்தாள். திருநாவுக்கரசுகூடச் சிரித்தார், பாதி உதட்டால்.

“நாளைக்குப் பத்திரம் எழுதறது எழுதறதுதான்,” என்றாள் அந்தக் கிழவி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. “எழுதணும்னு முடிவு பண்ணி, ஊரைக் கூட்டி, ஆட்டையும் அடிச்சாச்சு. ரேணுகா பேருக்கு எழுதறேன். தோப்பு, வூடு, கெணறு, எல்லாம். என் புள்ள எங்கியாச்சும் உயிரோட இருந்து வந்தான்னா, அவனுக்கு அவ குடுக்கட்டும். குடுக்கலைன்னா, செத்தப்புறம் நானா வந்து கேக்கப் போறேன்?”

அவள் தாமோதரன் முன்னால் போய் நின்றாள். அவன் தோளுக்குத்தான் இருந்தாள்.

“காலையில பத்திர ஆபீசுக்குப் போவ கார் அனுப்பறேன்னு சொன்னியே. சொன்ன நேரத்துக்கு அனுப்பு.”

“விளையாடறியா? உனக்குக் காரு ஒரு கேடா?”

“அனுப்பாட்டி போ,” என்றாள் ஞானம்பாள். “பஸ் ஓடுது.”